பாதிக் கோடு

ஒரு வீட்டில் ஒரே நாளில் இரண்டு பேருக்குக் கால் போனால், மூன்றாவது ஆளுக்கு மூளை போய்விடும். கண்ணாடிக் கடைக்காரருக்கு இப்போது அந்த நிலைமைதான். காலையிலிருந்து வண்டிச் சாவியைத் தேடிக்கொண்டிருந்தார். சாவி அவர் சட்டைப் பையிலேயே இருந்தது.

முன்கதை தெரிந்தவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள். புதிதாக வந்தவர்களை நடுத்தெருவில் நிறுத்துவது மரியாதையில்லை என்பதால் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்.

அவர் மனைவி கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவள். 'பிரேக்கம்மா' என்று சொன்னால்தான் தெருவில் யாருக்கும் தெரியும். கற்றுக்கொள்பவர் ஸ்டியரிங்கில் இருப்பார். பக்கத்து இருக்கையில் இவளுக்குத் தனியாக ஒரு பிரேக் பெடல். எத்தனையோ பேருடைய உயிரையும் எத்தனையோ நாய்களுடைய உயிரையும் அந்த ஒரு பெடலால் காப்பாற்றியவள்.

அவளிடம் கடைசியாகக் கற்றுக்கொள்ள வந்தது புருஷனின் தங்கை. பல் ஆஸ்பத்திரியில் ரிசப்ஷன் வேலை. வயது முப்பத்தைந்தாகியும் வீட்டில் அவளுக்குப் பெயர் பாப்பாதான். சொந்தக் காலில் நிற்க வேண்டும் என்று ஆசைப்பட்டு வண்டி ஓட்ட வந்தாள். இப்போது சொந்தக் காலில் நிற்பதற்கே டாக்டரிடம் அனுமதி கேட்க வேண்டியிருக்கிறது.

அன்றைக்கு ஒரு வளைவு. எதிரே லாரி. பாப்பா திகைத்துப்போய் ஸ்டியரிங்கை ஒடித்துவிட்டாள். பிரேக்கம்மா தன் பெடலை மிதித்தாள். வண்டி நிற்கவில்லை. பாலத்துச் சுவரில் போய் மோதித்தான் நின்றது. பாப்பாவின் முழங்கால் டாஷ்போர்டில் இடித்து, அந்த இடி தொடையெலும்பு வழியாக மேலே ஏறி, இடுப்பு மூட்டின் கிண்ணத்தை உடைத்தது. பிரேக்கம்மாவுக்கு வலது கணுக்கால். கீழ்க்கால் எலும்புக்கும் குதிகாலுக்கும் நடுவே ஒளிந்திருக்கும் ஒரு சின்ன எலும்பு இரண்டாகப் போனது.

இருவருக்கும் ஆபரேஷன் முடிந்து இரண்டு மாதம் தாண்டிவிட்டது. பிரேக்கம்மாவின் தூக்கத்தைக் கெடுத்தது வலி அல்ல. வண்டியைப் பிரித்துப் பார்த்த மெக்கானிக், "பிரேக்ல ஒரு குறையும் இல்லைங்க" என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். பிரேக்கில் குறையில்லை என்றால் குறை காலில்தானே? சமயத்தில் தன் கால் தாமதித்துவிட்டது என்று அவள் முடிவு கட்டியிருந்தாள். யாரிடமும் சொல்லவில்லை.

இன்றைக்கு இருவருக்கும் எக்ஸ்ரே படம் எடுக்கும் நாள். "அந்தக் கணுக்கால் எலும்புக்கு ரத்தம் போற வழி ரொம்பக் குறுகல்" என்று டாக்டர் முன்பே எச்சரித்திருந்தார். "உடையும்போது அந்த வழி அறுந்திருந்தா எலும்பு உள்ளேயே செத்து, மெல்ல நொறுங்கிடும். இப்போ தெரியாது. ரெண்டு மாசம் போகட்டும். அதுவரைக்கும் அந்தக் கால் தரையில படக்கூடாது."

வீட்டில் குளிக்கப் போனாலும் கூடவே வந்து நின்ற வார்த்தை அது.

"டாக்சி வரலையாம்" என்றார் கண்ணாடிக்காரர். "பக்கத்து வீட்டு வண்டிச் சாவிய வாங்கிட்டு வந்திருக்கேன்."

"யார் ஓட்டறது?"

"நான்தான்."

பிரேக்கம்மா அவரை ஏற இறங்கப் பார்த்தாள். நசுங்கிய வண்டியைப் போய்ப் பார்த்த நாளிலிருந்து அவர் ஸ்டியரிங்கைத் தொடவில்லை. கடையில் மூக்குக் கண்ணாடிக்குத் திருகு மாட்டும்போதுகூடக் கை நடுங்கியது. இந்த ஒரு வாரமாகத்தான் நடுக்கம் நின்றிருந்தது.

"ஓட்டிடுவீங்களா?"

"உன்கிட்ட கத்துக்கிட்டதுதானே டீச்சர்." காருக்குள் ஏறினால் மட்டும் அவருக்கு அவள் டீச்சர். "நீ வேணும்னா பின்னாடி உக்காந்துக்க."

"டாக்டர் மாட்டிவிட்ட இந்த பூட்ஸ் காலை எங்க நீட்டறது? பாப்பா மடியிலயா?"

"எனக்கு என் காலை வெக்கவே இடமில்லை அண்ணி" என்றாள் பாப்பா. இரண்டு தலையணைக்கு நடுவே பின்சீட்டில் சாய்ந்து, இடுப்பை மடக்காமல் படுத்த வாக்கில் இருந்தாள். "நான் ஏதோ பெட்டி மாதிரி கிடக்கறேன். என் மேல எதையும் அடுக்காதீங்க."

சிரித்தார்கள். சிரிப்பு தெருமுனை வரை கூட வரவில்லை.

அவர் நன்றாகத்தான் ஓட்டினார். உள்ளதைச் சொல்லிவிட வேண்டும். மெதுவாக, கண்ணாடிகளை மாற்றி மாற்றிப் பார்த்து, பரீட்சைக்குப் போகிறவர் போல ஓட்டினார். பிரேக்கம்மாதான் சும்மா இருக்கவில்லை.

"முன்னாடி சைக்கிள்."

"தெரியுது."

"அவன் திரும்புவான்."

"தெரியுதும்மா."

மரக்கடை தாண்டியதும் ஒரு சந்திலிருந்து தண்ணீர் லாரி பின்பக்கமாக வெளியே வந்தது. கை காட்ட ஆளில்லை, ஹாரன் இல்லை. கண்ணாடிக்காரர் பிரேக் போட்டார். லாரிக்கும் வண்டிக்கும் ஒரு முழம் இடம் விட்டு வண்டி நின்றது.

ஆனால் அதற்குள் பிரேக்கம்மா மிதித்துவிட்டாள்.

அது இரவல் வண்டி. அவள் பக்கம் பெடலே கிடையாது. வெறும் தரையை, இரண்டு மாதமாகப் பொத்திப் பொத்திக் காப்பாற்றிய அந்தக் காலால், முழுப் பலத்தோடு மிதித்தாள். பூட்சுக்குள் என்னவோ சுரீர் என்று முழங்கால் வரை ஏறியது. கண் இருட்டிக்கொண்டு வந்தது.

"பாத்தியா, நின்னுடுச்சு!" என்றார் அவர். குரலில் ஒரு சின்னப் பையனின் சந்தோஷம். "டீச்சர், பாஸா?"

"பாஸ்" என்றாள் பிரேக்கம்மா. நெற்றி வியர்வையை முந்தானையால் துடைத்துக்கொண்டாள். "போங்க. பின்னாடி ஹாரன் அடிக்கறாங்க."

பட்ட காலிலே படும் என்று சொல்லி வைத்தவர்கள், அந்தக் காலாலேயே தரையை உதைக்கிறவளைப் பற்றி ஒன்றும் சொல்லி வைக்கவில்லை. தலையைத் திருப்பினாள். பாப்பா கண் கொட்டாமல் அவளுடைய காலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஆஸ்பத்திரியில் படம் எடுக்கும் அறைக்கு வெளியே வரிசை நீளமாக இருந்தது. பிரேக்கம்மா சக்கர நாற்காலியில் உட்கார்ந்து கால் விரல்களை ஒவ்வொன்றாக அசைத்துப் பார்த்தாள். அசைந்தன. அசைந்ததாலேயே ஒன்றும் ஆகியிருக்காது என்று நினைத்தாள். அடுத்த நிமிடமே, விரல் வேறு எலும்பு வேறு என்று தோன்றியது.

எலும்பு டாக்டர் ஒரு நடுத்தர வயதுப் பெண். ஆறிப்போன டீயைக் குடித்துக்கொண்டே வேலை பார்ப்பவர். ஆளைப் பார்க்கும் முன்பு படத்தைத்தான் பார்ப்பார்.

முதலில் பாப்பாவின் முறை.

"அருமையா இருக்கு" என்றார் டாக்டர். "கிண்ணத்தோட உடைஞ்ச ஓரம் இம்மி பிசகாம உக்காந்திருக்கு. அதுதான் முக்கியம். பிசகி ஒட்டினா மூட்டு சீக்கிரமே தேஞ்சுடும். இப்படிச் சரியா உக்காந்தவங்க பெரும்பாலும் நல்லா நடக்கறாங்க."

"பெரும்பாலும்னா டாக்டர்?" என்றாள் பாப்பா.

"எல்லாரும்னு சொன்னா பொய். சிலருக்கு நாலஞ்சு வருஷம் கழிச்சுக்கூடத் தேயும். அதனால நான் கூப்பிடும்போதெல்லாம் வரணும். இப்போ வாக்கரைப் பிடிச்சுக்கிட்டு, அந்தக் காலைக் கொஞ்சம் கொஞ்சமா ஊனலாம்."

பாப்பாவுக்குச் சந்தோஷப்படத் தைரியம் வரவில்லை. அண்ணியின் படம் இன்னும் மேஜையில் கிடந்தது.

டாக்டர் அதை விளக்குப் பெட்டியில் மாட்டினார். டீயைக் கீழே வைத்தார். டீயைக் கீழே வைத்ததுமே பிரேக்கம்மாவுக்கு ஏதோ இருக்கிறது என்று தெரிந்துவிட்டது.

"இங்க பாருங்க. எலும்போட மேல் வளைவுக்குக் கீழ கறுப்பா, மெல்லிசா ஒரு கோடு தெரியுதா? அந்த இடத்துல எலும்பு இளைச்சிருக்கு."

"இளைச்சிருக்கா!" கண்ணாடிக்காரர் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டார். "ஐயோ, அப்போ போச்சா?"

"அட, இளைச்சா நல்லதுங்க. சும்மா கிடக்கற கால்ல, உயிரோட இருக்கற எலும்பு கொஞ்சம் இளைக்கும். ரத்தம் ஓடினாத்தான் இளைக்க முடியும். செத்த எலும்பு இளைக்காது. வெள்ளையா அப்படியே கிடக்கும்."

"அப்போ நல்ல சேதிதானே?"

"பாதி நல்ல சேதி." டாக்டர் பேனா முனையால் கோட்டைத் தொடர்ந்து போனார். பேனா வளைவின் நடுவில் நின்றது. "கோடு இது வரைக்கும்தான் வருது. வெளிப்பக்கம் மீதிப் பாதி வெள்ளையாவே இருக்கு."

பிரேக்கம்மா அந்த வெள்ளைப் பாதியையே பார்த்தாள்.

"நான் திரும்பப் பிரேக் மிதிப்பேனா டாக்டர்?" அவளுக்குத் தெரிய வேண்டியது அது ஒன்றுதான்.

"அந்த மீதிப் பாதி உயிரோட இருந்தா மிதிக்கலாம். கொஞ்சம் விறைப்பு இருக்கும், பழகிக்கலாம். செத்திருந்தா, நீங்க ஊனும்போது அது உள்ள அமுங்கும். அப்புறம் மூட்டை அசையாம ஒட்டிவிடறதுதான் வழி. நடக்கலாம். வேகமா எதையும் மிதிக்க முடியாது." டாக்டர் முதல்முறையாக அவள் முகத்தைப் பார்த்தார். "இடையில எப்பவாவது காலை ஊனினீங்களா? தவறிப்போயாவது?"

"இல்லை" என்றாள் பிரேக்கம்மா.

கேள்வி முடிவதற்குள் வந்த பதில் அது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தாகிவிட்டது. பின்னால் பாப்பாவின் வாக்கர் தரையில் ஒரு தரம் தட்டியது.

"அடுத்த மாசம் இன்னொரு படம் எடுத்துப் பார்ப்போம்" என்றார் டாக்டர்.

கண்ணாடிக்காரர் மாத்திரை வாங்கப் போனார். வராந்தாவில், சுவரோரமாக, நாத்தனாரும் அண்ணியும்.

"ஏன் அண்ணி பொய் சொன்னீங்க?"

"மெதுவாப் பேசு."

"நான் பார்த்தேன். ஓங்கி மிதிச்சீங்க. உங்க மூஞ்சி வெளுத்துப்போச்சு."

"உங்க அண்ணனுக்கு இப்போதான் கை நடுக்கம் நின்னிருக்கு பாப்பா. அவர் ஓட்டினப்போதான் இது ஆச்சுன்னு தெரிஞ்சா, மனுஷன் இனிமே வண்டிப் பக்கமே போகமாட்டார். அவருக்குத் தெரிய வேண்டாம்."

"டாக்டருக்குத் தெரிய வேண்டாமா? உள்ள ஏதாவது ஆகியிருந்தா?"

"ஆகியிருக்காது."

"அதை நீங்க சொல்றீங்க. உங்க காலுக்குள்ள நீங்க போய்ப் பார்த்தீங்களா?"

பாப்பா வாக்கரை அவளுக்கு நேராகத் திருப்பிக்கொண்டு நின்றாள்.

"இந்த ரெண்டு மாசமா என்னை யாரும் ஒரு வார்த்தை கேக்கலை அண்ணி. ஓட்டினது நான். 'உன் தப்பில்ல பாப்பா'ன்னு எல்லாரும் தடவிக் கொடுத்தீங்க. யாராவது நல்லாத் திட்டியிருந்தா ஒரு நாளாவது தூங்கியிருப்பேன். அண்ணனுக்கும் அதே மருந்தைக் கொடுக்காதீங்க. உண்மையச் சொல்லுங்க. தாங்கிக்குவார்."

கண்ணாடிக்காரர் மாத்திரைப் பொட்டலத்தோடு வந்தார். "போலாமா?"

"போகலாம்" என்றாள் பிரேக்கம்மா. "டாக்டர் ரூமுக்கு."

உள்ளே போய் எல்லாவற்றையும் சொன்னாள். தண்ணீர் லாரி, பெடல் இல்லாத தரை, சுரீர் என்று ஏறியது. புருஷன் பக்கம் திரும்பாமலே சொன்னாள்.

அவர் கொஞ்ச நேரம் பொட்டலத்தை மடித்துக்கொண்டே இருந்தார்.

"நான்தான் நிறுத்திட்டேனே" என்றார். "நீ பாஸ்னு வேற சொன்னே. நிறுத்தமாட்டேன்னு நெனச்சியா?"

"நான் நெனைக்கலைங்க. கால் நெனச்சிடுச்சு."

அவர் முகம் சுருங்கியது. குற்ற உணர்ச்சியைத்தான் அவள் எதிர்பார்த்திருந்தாள். வந்தது வேறு. தன்னை நம்பவில்லையே என்ற வருத்தம்.

டாக்டர் பூட்சைக் கழற்றி, கட்டைவிரலால் கணுக்காலைச் சுற்றி அழுத்தினார். ஓர் இடத்தில் பிரேக்கம்மா பல்லைக் கடித்தாள். டாக்டர் மறுபடியும் படத்துக்குப் போனார்.

"ஆபரேஷன்ல போட்ட ஆணி ரெண்டும் நகரலை. இன்னிக்கே ஸ்கேன் எடுத்துடலாம். உள்ள புது விரிசல் இருந்தா தெரிஞ்சிடும், அந்த மீதிப் பாதிக்கு ரத்தம் போகுதான்னும் தெரிஞ்சிடும். நல்லவேளை சொன்னீங்க. நான் அடுத்த மாசம்னு விட்டிருப்பேன்."

"அந்தக் கோடு பாதியில நின்னது என்னாலயா டாக்டர்?" என்றார் கண்ணாடிக்காரர்.

"சேச்சே. கோடு வர வாரக்கணக்காகும். காலைல மிதிச்சதுக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்லை. அது விபத்து அன்னிக்கே முடிவானது." டாக்டர் ஆறிய டீயைக் கையில் எடுத்துக்கொண்டார். "எனக்கு அன்னிக்கே ஒரு சந்தேகம் இருந்துச்சு. கீழ இறங்கற பெடலை மிதிச்சா எலும்பு இவ்வளவு மோசமா உடையாது. நீங்க சுவத்தை உதைச்ச மாதிரி உடைஞ்சிருக்கு. அந்தப் பெடல் இறங்கவே இல்லையோ என்னவோ."

அவர் போகிற போக்கில் சொன்னார். கண்ணாடிக்காரருக்கு உயிர் திரும்பி வந்தது. ஆனால் பாப்பாவின் முகத்தை அப்போது யாராவது பார்த்திருந்தால், அந்த உயிர் அங்கிருந்துதான் போயிருக்கிறது என்று தெரிந்திருக்கும்.

ஸ்கேன் அறை கீழ்த்தளத்தில். கண்ணாடிக்காரர் பதிவு செய்யும் ஜன்னலுக்குப் போனார். பிரேக்கம்மா மோதிரத்தையும் வளையலையும் கழற்றி மடியில் வைத்துக்கொண்டாள். மனதுக்குள் ஒரே வாக்கியம் ஓடிக்கொண்டிருந்தது. பெடல் இறங்கவே இல்லையோ.

"அண்ணி."

"என்ன?"

"அன்னிக்கு நான் செருப்பைக் கழட்டலை."

பிரேக்கம்மா நிமிர்ந்தாள்.

"புதுச் செருப்பு. வார் இல்லாதது. லாரியப் பார்த்ததும் காலை வெடுக்குன்னு இழுத்தேன். ஒண்ணு கழண்டுபோச்சு. அப்புறம் மெக்கானிக் வர்றதுக்கு முன்னாடி வண்டியிலேர்ந்து என் சாமானையெல்லாம் எடுத்துக் கொடுத்த ஆள் சொன்னார்." பாப்பா தரையைப் பார்த்தாள். "ஒரு செருப்பு மட்டும் என் பிரேக் பெடலுக்கு அடியில செருகிக் கிடந்துச்சாம். இழுத்து எடுக்க வேண்டியிருந்துச்சாம். ஏதோ மோதின வேகத்துல வந்து சிக்கிச்சுன்னு நான் பெருசா எடுத்துக்கலை. இப்போ டாக்டர் சொன்னப்போதான்..."

மீதியைச் சொல்ல வேண்டியதில்லை. இரண்டு பிரேக் பெடலும் ஒரே கம்பியில் கட்டியவை. ஒன்று இறங்கினால்தான் மற்றது இறங்கும். ஒன்றுக்கு அடியில் ஒரு செருப்பு கிடந்தால், மற்றது அசையாது. உயிரைக் கொடுத்து மிதித்தாலும் அசையாது.

"உள்ள வாங்கம்மா" என்று ஸ்கேன் எடுப்பவர் கதவைத் திறந்தார்.

சக்கர நாற்காலி நகர்ந்தது. பேசினால் எது வெளியே வரும் என்று பிரேக்கம்மாவுக்கே தெரியவில்லை.

அவளைப் படுக்க வைத்தார்கள். காலைச் சுற்றிப் பஞ்சு மெத்தை வைத்து இறுக்கினார்கள். "ரொம்பச் சத்தமா இருக்கும். பயப்படாதீங்க. ஆனா அசையக் கூடாது. இம்மி அசைஞ்சாலும் படம் கலங்கிடும், மறுபடி முதல்லேர்ந்து எடுக்கணும்."

இயந்திரம் மடமடவென்று அடிக்கத் தொடங்கியது.

இரண்டு மாதமாகத் தன் காலைத்தான் ஏசிக்கொண்டிருந்தாள். கிழட்டுக் கால், சோம்பேறிக் கால், சமயத்தில் கைவிட்ட கால் என்று. கால் ஒரு கணமும் தாமதிக்கவில்லை. அதன் வேலையை அது செய்திருக்கிறது. சுவரை உதைத்த மாதிரி உதைத்து, உடைந்தும் போயிருக்கிறது. பாப்பா மேல் வந்த கோபத்தில் காது அடைத்தது. எழுந்து உட்கார்ந்து கத்த வேண்டும் போல இருந்தது.

ஆனால் கோபம் பாப்பாவிடம் போய் நிற்கவில்லை. வேறு யார் வண்டியில் ஏறினாலும் பிரேக்கம்மா முதலில் பார்ப்பது முகத்தை அல்ல, பாதத்தை. செருப்பைக் கழற்றிப் பின்னால் போட்ட பிறகுதான் சாவி கைக்குப் போகும். டாக்டர், வக்கீல் என்று யாருக்கும் விலக்கு கிடையாது. அன்றைக்கு மட்டும் பார்க்கவில்லை. நம் வீட்டுப் பெண்தானே என்று சிரித்துக்கொண்டே சாவியைக் கொடுத்தாள்.

கண்ணீர் பொங்கிக் காதோரமாக இறங்கியது. துடைக்கக் கை எழுந்தது. படம் கலங்கிவிடும் என்று ஞாபகம் வந்து, கையைப் படுக்கையோடு அழுத்திக்கொண்டாள்.

தன் கால் தன்னைக் கைவிடவில்லை என்று தெரிந்துவிட்டது. அந்தக் கால் தனக்கு மிஞ்சுமா என்று இயந்திரம் தேடிக்கொண்டிருந்தது. பிரேக்கம்மா அசையாமல் அழுதாள்.